இரண்டாவது ஓஎஸ் போடும் முன் அந்தச் சாவியை எடுத்து வையுங்கள்

விண்டோஸ் இருக்கும் லேப்டாப்பில் உபுண்டு என்ற லினக்ஸ் ஓஎஸ்ஸும் வேண்டும் என்று கல்லூரிப் பிள்ளைகள் நிறையப் பேர் எங்கள் சர்வீஸ் கடைக்கு வருகிறார்கள். நல்ல விஷயம். தாங்களே முயன்று பார்த்துவிட்டு, 48 இலக்கச் சாவி கேட்கும் நீலத் திரையோடு வருபவர்களும் உண்டு. "நான் எந்தப் பூட்டும் போடவே இல்லையே" என்பார்கள்.

அது உண்மைதான். விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்ளும் (பிட்லாக்கர் குறியாக்கம்). தினமும் அதைத் திறந்து விடுவது, கணினிக்குள் சாவியைப் பாதுகாக்கும் டிபிஎம் என்ற சிப். கணினி தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் ஓடவிடும் 'செக்யூர் பூட்' வசதியை லினக்ஸுக்காக அணைத்தாலோ, கணினி தொடங்கும் (பூட்) அமைப்பை மாற்றினாலோ, அந்த சிப் திறக்க மறுக்கலாம். பழைய அமைப்பைத் திரும்பக் கொண்டுவந்தால் சில சமயம் திறந்துவிடும். இல்லையென்றால் சாவிதான் வழி. அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கே மறந்துபோய், சாவி வேறெங்கும் இல்லை என்றால் உள்ளே இருப்பதை எந்தக் கடைக்காரராலும் எடுத்துத் தர முடியாது. முடியும் என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள். அதனால் முதலில் சாவியைத் தாளில் எழுதி, முக்கியமான ஃபைல்களை வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்துவிடுங்கள்.

அடுத்தது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 8-லிருந்து இருக்கும் வசதி இது. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாது. தன் நிலையில் ஒரு பகுதியை டிஸ்கில் எழுதிவைத்துப் பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நேரத்தில் லினக்ஸிலிருந்து சி டிரைவை வலிந்து திறந்து எதையாவது எழுதினால் ஃபைல்கள் சிதையும். பிறகு பழி லினக்ஸ் மேல் விழும்! கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய் அதை அணைத்துவிடுங்கள்.

லினக்ஸுக்கு இடம் ஒதுக்குவதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்வது நல்லது. நிறுவும்போது 'டிஸ்கை அழித்து நிறுவு' என்று வரும் தேர்வைத் தொட்டுவிடாதீர்கள். விண்டோஸும் சேர்ந்தே போய்விடும். அப்புறம், விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டினால் பயப்பட வேண்டாம். மதர்போர்டு கடிகாரத்தை லினக்ஸ் உலக நேரமாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் எடுத்துக்கொள்வதால் வருவது அது.

பாடத்துக்காக எப்போதாவதுதான் லினக்ஸ் வேண்டுமென்றால் விண்டோஸுக்குள்ளேயே அதை ஓட்டும் வர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளே போதும் என்றுதான் நான் சொல்வேன். ரேம் 8 ஜிபி இருந்தால் ஓரளவு நன்றாகவே ஓடும், டிஸ்க் பிரிவினைகளைத் தொடவும் வேண்டாம்.