இறம்பொடை ஏறி வந்த கையோடு சாவியைத் திருகாதீர்கள்

கம்பளையிலிருந்து புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வான்கள் லபுக்கலைப் பக்கம் தேத்தண்ணிக்கு ஒதுங்கும். ஆட்கள் இறங்கக் கதவு திறக்குமுன்பே சாரதி எஞ்சினை நிறுத்திவிடுவார். டீசல் மிச்சம்தான். ஆனால் அது டேர்போ வண்டியாக இருந்தால், எஞ்சினை நிறுத்த அதைவிட மோசமான இடம் அந்தப் பாதையில் வேறில்லை.

காரணம் இதுதான். டேர்போவின் ஒரு பக்கச் சில்லைப் புகை சுழற்றுகிறது. மறுபக்கச் சில்லு காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. இரண்டையும் இணைக்கும் ஷாஃப்ட் விரல் தடிப்புக்கூட இல்லை. சுமையோடு ஏறும்போது அது நிமிடத்துக்கு 1 இலட்சம் சுற்றுக்கு மேல் ஓடும். சிறிய கார்களில் 2 இலட்சத்தையும் தாண்டும். பெரும்பாலான டேர்போக்களில் அந்த ஷாஃப்ட் மெல்லிய ஒயில் படலத்தின் மேல் மிதந்துதான் சுழல்கிறது. டீசல் எஞ்சினில் புகையின் சூடு 700 பாகை செல்சியஸைத் தாண்டும். பெற்றோலில் 900ஐயும் தாண்டும். நுவரெலியா 1868 மீற்றர் உயரம்; அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதை ஈடுகட்ட டேர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டியிருக்கிறது.

சாவியைத் திருகியதும் ஒயில் பம்ப் நின்றுவிடும். புகைப் பக்கத்து இரும்புக்கூட்டில் தேங்கிய சூடு, ஷாஃப்ட் இருக்கும் நடுப்பகுதிக்கு ஏறி, அங்கே நிற்கும் ஒயிலைத் தீய்க்கும். சட்டியின் அடியில் எண்ணெய் தீய்ந்து பிடிப்பதுபோல் கரி படியும். ஒருநாளில் ஒன்றும் தெரியாது. மாதக்கணக்கில் சேர்ந்த கரி, டேர்போவுக்கு ஒயில் வரும் மெல்லிய பைப்பை அடைக்கும். சில எஞ்சின்களில் அந்தப் பைப் போல்ட்டுக்குள் சிறு வலை ஒன்று இருக்கும். கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணுக்குக் கண் கரி அடைத்து, வெளிச்சமே தெரியாது. ஒயில் குறைந்தால் பெயாரிங் தேயும், ஷாஃப்ட் ஆடும், சில்லு கூட்டில் உரசும்.

நடுப்பகுதிக்குத் தண்ணீர் பைப் உள்ள டேர்போக்களில் எஞ்சின் நின்ற பிறகும் கூலன்ட் தானாகச் சற்று நேரம் சுற்றிச் சூட்டை இறக்கும். ஆபத்து குறைவு, இல்லாமல் போவதில்லை.

ஆகவே நிறுத்துமுன் எஞ்சினை ஐட்லிங்கில், அதாவது எக்சலேட்டரை மிதிக்காமல், சற்று ஓட விட வேண்டும். எத்தனை நிமிடம்? கைநூலில் எழுதியிருந்தால் அதுவே கணக்கு. இல்லாவிட்டால், கடைசி ஐந்து நிமிடம் எஞ்சின் என்ன வேலை செய்தது என்று பாருங்கள். ஹட்டன் டவுனுக்குள் மெதுவாக ஊர்ந்து வந்து நிறுத்தினால் காத்திருக்கவே தேவையில்லை. வெல்லவாயவிலிருந்து அப்புத்தளைக்கு ஆட்களோடும் ஏசியோடும் ஏறி வந்தால் 2 நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். நிறைந்த கொழுந்து லொறிக்கு 3. அதற்குமேல் விட்டால் லாபமில்லை, டீசல் எஞ்சினில் கரிதான் சேரும். கடைசி ஒரு கிலோமீற்றரை எக்சலேட்டரை அமர்த்தி ஓட்டி வந்தால் காத்திருப்பு பாதியாகும். ஆனால் பலருடைய வீட்டுக்கோ லயத்துக்கோ போகும் கடைசி 200 மீற்றர்தான் முதல் கியரில் ஏறும் செங்குத்து ரோட்டு. அங்கே முன்னால் அமர்த்தி ஓட்டியதெல்லாம் வீணாகிவிடும், ஏறிய பிறகு ஒரு நிமிடமாவது விடத்தான் வேண்டும்.

இறக்கத்தில் கதை வேறு. நுவரெலியாவிலிருந்து நானுஓயாப் பக்கம் கியரில் பிடித்து இறங்கும்போது எஞ்சினுக்கு எரிபொருள் போவதே இல்லை. டேர்போ ஆறித்தான் இருக்கும். அங்கே சூடேறுவது பிரேக்.

பழைய சாரதிகள் சிலர் நிறுத்துமுன் ஒரு ரேஸ் கொடுத்துவிட்டுச் சாவியைத் திருகுவார்கள். கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். டேர்போவில் இதைச் செய்தால் வேகமெடுத்த ஷாஃப்ட் ஒயில் இல்லாமல் சுழன்று நிற்கும். இரண்டு நிமிடம் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு இப்படிச் செய்வதைவிட, காத்திருக்காமலே நிறுத்தலாம்.

டேர்போ டைமர் பூட்டினால் சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் ஓடி, தானாக நிற்கும். கொழும்பில் சரி. மலையில், கையால் கியர் மாற்றும் வண்டியைச் சரிவில் கியரில் போட்டு நிறுத்துவதுதான் வழக்கம். டைமர் ஓடும்போது நியூட்ரலில் விட வேண்டும், ஹேண்ட்பிரேக் மட்டும்தான் பிடிக்கும். சில்லுக்குக் கல் வைக்காமல் இறங்க வேண்டாம். மழைக்குக் கதவடைத்த கராஜுக்குள் எஞ்சினை ஓட விடவும் வேண்டாம். புகையிலுள்ள காபன்மொனொக்சைட் மணக்காது, ஆளைக் கொல்லும்.

விசில் போன்ற ஊளைச் சத்தம் கூடுவது, எக்சலேட்டரை விட்டு மிதிக்கும்போது நீலப் புகை, ஒயில் குறைந்துகொண்டே போவது ஆகியவை தேய்மானத்தின் அறிகுறிகள். ஆறிய எஞ்சினில் காற்றுப் பக்க ஹோஸைக் கழற்றி, ஷாஃப்ட் நட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் மெல்லிய ஆட்டம் இருக்கலாம். உள்ளே வெளியே இழுத்தால் கைக்குத் தெரியும்படி அசையக் கூடாது.

டேர்போ மாற்றினால் ஒயில் வரும் பைப்பையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். பழைய கரி புதியதையும் தின்னும். பைப்பைப் பூட்டுமுன் டேர்போவின் ஒயில் துளையில் புது ஒயில் ஊற்றிச் சில்லைக் கையால் சுற்ற வேண்டும். பிறகு எஞ்சின் பற்றாதபடி ஸ்டார்ட்டரால் மட்டும் இடையிடையே நிறுத்தி நிறுத்திச் சுற்றி, ஒயில் லைட் அணைந்த பின்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும்.