மாடியில சோலார் இருக்கு, ராத்திரி கரண்ட் எங்கேருந்து வருது? பிஎம் சூர்யா கர் திட்டம் பத்தி

போன ஐப்பசியில ஒரு வாரம் விடாம அடைமழை. மதியம் பன்னெண்டு மணிக்கு எங்க வீட்டு சோலார் இன்வெர்ட்டர்ல (பேனல் கரண்டை வீட்டுக்கு ஏத்த மாதிரி மாத்தற பெட்டி) பாத்தா 0.3 கிலோவாட்னு காட்டுது, மாடியில இருக்கறதோ 3 கிலோவாட் பேனல். பக்கத்து வீட்டு பெரியம்மா அதை எட்டிப் பாத்துட்டு "ஏன் தம்பி, வெயிலே இல்லியே, அப்பறம் ஃபேன் எப்படி ஓடுது?"ன்னு கேட்டாங்க. மன்னார்குடி பக்கம் இப்போ நிறைய பேர் மாடி சோலாருக்கு குடுக்கற பிஎம் சூர்யா கர் மானியத்துக்கு அப்ளை பண்றாங்க, ஆனா பெரியம்மா கேட்ட கேள்விக்கு யாரும் ஒழுங்கா பதில் சொல்றதில்ல, அதான் ரெண்டையும் சேத்து எழுதறேன்.

முதல்ல திட்டம். 2024 பிப்ரவரியில மத்திய அரசு ஆரம்பிச்சது, 1 கோடி வீடு இலக்கு, 2026-27 வரைக்கும். 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபா, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கு 78,000, அதுக்கு மேல எவ்வளவு போட்டாலும் அதே 78,000 தான். சொந்த வீடு, பேனல் போடற மாதிரி கூரை, உங்க பேர்ல இபி கனெக்‌ஷன், இதுக்கு முன்னாடி சோலார் மானியம் வாங்காம இருக்கணும், அவ்ளோதான். தேசிய போர்ட்டல்ல இபி நம்பர் போட்டு பதிவு பண்ணி, லிஸ்ட்ல இருக்கற வெண்டரை (பேனல் மாட்டிக் குடுக்கறவங்களை) நீங்களே தேர்ந்தெடுக்கணும். 10 கிலோவாட் வரைக்கும் தனியா ஃபீசிபிலிட்டி ரிப்போர்ட் (லைன் தாங்குமான்னு பாக்கற அறிக்கை) தேவையில்ல. பேனல் மாட்டி, நெட் மீட்டர் (லைனுக்கு போற கரண்டையும் வர்ற கரண்டையும் அளக்கற மீட்டர்) வெச்சு, இபி ஆளுங்க வந்து பாத்துட்டு போனதும் மானியம் உங்க பேங்க் அக்கவுண்ட்டுக்கே நேரா வந்துடும், வெண்டருக்கு போகாது. பேனலும் அதுக்குள்ள இருக்கற சோலார் செல்லும் இந்தியாவுல செஞ்சதா இருந்தாதான் மானியம், அதனால விலை கம்மின்னு யாராவது வெளிநாட்டு பேனல் காட்டினா உஷாரா இருங்க.

எல்லாரும் போடணும்னு நான் சொல்லமாட்டேன். ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் நமக்கு ஏற்கனவே இலவசம், 150 யூனிட்டுக்குள்ள ஓட்டற வீடு கடன் வாங்கி சோலார் போட்டா மிச்சம் ஒண்ணும் பெருசா இருக்காது. 300, 400 யூனிட் ஓடற வீட்டுக்குதான் இது லாபம். 1 கிலோவாட் நல்ல வெயில்ல நாளைக்கு சுமாரா 4 யூனிட் தரும், 100 சதுர அடி இடம் வேணும், தென்னை நிழல் விழக்கூடாது.

இங்க நான் ஏமாந்த கதையையும் சொல்லிடறேன். எனக்கு மாட்டிக் குடுத்தவரு "இனிமே கரண்ட் கட்டே உங்களுக்கு கிடையாது சார்"னாரு, நானும் நம்பிட்டேன், ஆனா முதல் கட்லயே நல்ல வெயில் அடிக்கறப்பவே வீடு மொத்தமும் ஆஃப். விசாரிச்சா, லைன்ல கரண்ட் இல்லன்னா இந்த வகை இன்வெர்ட்டர் தானா நின்னுடும், இல்லன்னா கம்பத்துல ஏறி வேலை பாக்கற லைன்மேனுக்கு ஷாக் அடிச்சுடும். கட்லயும் ஓடணும்னா பேட்டரியோட சேர்ந்த சிஸ்டம் வேணும், பேட்டரிக்குன்னு தனி மானியம் கிடையாது.

அப்போ பெரியம்மாவுக்கு பதில்? பகல்ல மிச்சம் ஆகற கரண்ட் லைனுக்கு போகுது, ராத்திரியும் மழை நாள்லயும் லைன்லேருந்து நமக்கு வருது, நெட் மீட்டர் கூட்டி கழிச்சு பில் போடுது. கணக்குலதான் அது நம்ம கரண்ட், நிஜத்துல ராத்திரி எட்டு மணிக்கு ஃபேனை ஓட்டறது வேற எங்கயோ அந்த நிமிஷம் தயாராகற மின்சாரம். ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்பாங்க, அந்த மாசங்கள்ல ஆரல்வாய்மொழி, கயத்தாறு காத்தாலைங்க அள்ளிக் குடுக்கும். ஐப்பசி கார்த்திகையில காத்தும் அடங்கிடும், வெயிலும் இருக்காது, நம்ம சம்பா பயிர் நிக்கற காலம் அது. அப்போ கைகொடுக்கறது பெரும்பாலும் தூத்துக்குடி, மேட்டூர் நிலக்கரியும் நெய்வேலி பழுப்பு நிலக்கரியும்தான், கூடவே கூடங்குளம் அணுமின் நிலையம். அங்க 1000 மெகாவாட் யூனிட் ரெண்டு ஓடுது, இன்னும் நாலு கட்டிட்டு இருக்காங்க. மழையோ ராத்திரியோ அதுக்கு ஒண்ணுதான், எரிபொருள் மாத்த, பராமரிப்பு பண்ண, இல்ல ஏதாவது பழுதானா நிறுத்துவாங்க. புகை கணக்கும் பாருங்க, ஐபிசிசி (ஐ.நா.வோட காலநிலை மாற்றக் குழு) 2014 அறிக்கையில, கட்டறதுலேருந்து எல்லாம் சேத்து ஒரு யூனிட்டுக்கு நிலக்கரி 820 கிராம் கார்பன் டை ஆக்சைடு, கூரை சோலார் 41, அணுமின்சாரம் 12. இந்த வாயு கூடினா பூமி சூடாகி கடல் மட்டம் ஏறும், வேதாரண்யம் பக்கம் நிலத்துல உப்புத்தண்ணி ஏறறதை கண்ணால பாக்கற நமக்கு இது வெறும் நம்பர் இல்ல.

அதுக்காக அணு உலை வந்தா சோலார் வேணாம்னு அர்த்தம் இல்ல. கூடங்குளத்துக்கு 1988ல ஒப்பந்தம் போட்டாங்க, 2002ல கட்ட ஆரம்பிச்சாங்க, முதல் கரண்ட் வந்தது 2013ல. நம்ம மாடியில பேனல் மாட்ட ரெண்டு நாள் போதும், ஒரு குழி வயலையும் அழிக்க வேண்டியதில்ல.

விதியில ஒரு குழப்பம் இருக்கு, அதையும் தெரிஞ்சுக்கங்க. மின் விநியோக நிறுவனங்க 2029-30ல 43.33 சதவீதம் புதுப்பிக்கத்தக்க (வெயில், காத்து மாதிரி தீராத) மின்சாரமா இருக்கணும்னு 2023ல உத்தரவு வந்துச்சு, அதுல அணுமின்சாரம் சேராது, யுரேனியம் தோண்டி எடுக்கற பொருளாச்சே. ஆனா 2030க்குள்ள 500 கிகாவாட் (1 கிகாவாட்னா 1000 மெகாவாட்) புதைபடிவம் இல்லாத, அதாவது நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிக்காத மின்திறன்னு சொல்ற இலக்குல அது சேரும். 2047க்குள்ள 100 கிகாவாட் அணுமின்சாரம்னு 2025 பட்ஜெட்ல அறிவிச்சதும் தனிக்கணக்கு, அதுக்கும் நம்ம 78,000க்கும் சம்பந்தம் இல்ல.

2011ல ஜப்பான் ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்கு அப்பறம், கூடங்குளம் பக்கத்துல இருக்கற இடிந்தகரை மீனவ மக்கள் மாசக்கணக்குல உக்காந்து போராடினாங்க. மீத்தேன் வேணாம்னு ரோட்டுக்கு வந்த டெல்டாக்காரங்க நாம, அவங்க பயத்தை தள்ளிவிட்டு பேசக்கூடாது. எரிஞ்சு முடிச்ச எரிபொருளை எங்க வெக்கிறாங்க, எவ்வளவு நாளைக்குன்னு அந்த ஊர்க்காரங்களுக்கு வெளிப்படையா சொல்லியே ஆகணும், அதை சொல்லாம சுத்தமான மின்சாரம்னு மட்டும் பேசறது நியாயம் இல்ல.

பெரியம்மா வீட்ல ரெண்டு மாசத்துக்கு 350 யூனிட் ஓடுது, 2 கிலோவாட் போதும்னு சொல்லியிருக்கேன். ஒண்ணே ஒண்ணு, 2018 நவம்பர்ல கஜா அடிச்சப்ப நம்ம பக்கம் கூரை பறந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், அதனால ஸ்டாண்டை தளத்துல சும்மா கல்லு வெச்சு நிறுத்தாம கான்க்ரீட்ல போல்ட் போட்டு இறுக்க சொல்லி எழுதி வாங்கிக்கங்க. தையில அறுப்பு முடிஞ்சதும் இபி கார்டும் பேங்க் பாஸ்புக்கும் எடுத்துட்டு வரேன்னு சொல்லியிருக்காங்க.