டாக்டர் சீட் கிடைக்காத பிள்ளைகளுக்கு, ஓர் ஆய்வகத்திலிருந்து

மருத்துவமனை ஆய்வகம் ஒன்றில் நுண்ணுயிரியலாளனாக வேலை பார்க்கிறேன். மருத்துவச் சேர்க்கை முடிந்ததும் தெரிந்தவர்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். "சீட் கிடைக்கல சார், இனி என்ன படிக்க வைக்கிறது?" டாக்டர் வேலையில் உனக்கு எது பிடித்தது என்று பிள்ளையிடம் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் அப்பாதான் பதில் சொல்வார். அதை நான் கணக்கில் எடுப்பதில்லை.

நோய்க்குக் காரணம் எது என்று துப்பறியத்தான் பிடிக்கும் என்றால் எங்கள் பக்கம் வரலாம். தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளியின் ரத்தக் கல்ச்சர் புட்டியில் கிருமி வளர்ந்துவிட்டால் கருவி குரல் கொடுக்கும். ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி, கிருமியின் வகையைக் காட்டும் கிராம் சாயம் ஏற்றிப் பார்ப்போம். ஊதாவா இளஞ்சிவப்பா, உருண்டையா குச்சியா? தெரிந்ததும் டாக்டருக்கு போன். அந்த போனுக்குப் பிறகு மருந்தே மாறுவதுண்டு. அப்புறம் கிருமியைத் தட்டில் பரப்பி, மேலே ஆன்டிபயாடிக் வில்லைகளை வைத்து, எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று அறிய, மறுநாள் அவற்றைச் சுற்றிக் கிருமி வளராத வட்டங்களை மில்லிமீட்டரில் அளப்போம். நோயாளியின் முகத்தைப் பார்க்கவே மாட்டோம். அது பெரிய குறையாகத் தோன்றினால் இந்த வேலை வேண்டாம்.

அறுவை அரங்கில் நிற்க ஆசையா? இதய அறுவையின்போது இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்ட் டாக்டராக இருக்க வேண்டியதில்லை. இதயம் நிற்கும் நேரத்தில் ரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றி உடம்புக்கு அனுப்புவதும், உறையாமல் இருக்க ஹெப்பாரின் மருந்து போட்ட ரத்தம் உறைகிறதா என்று அடிக்கடி சோதிப்பதும் அவர் பொறுப்பு. கவனம் சிதறுகிற ஆளுக்கு ஆகாது.

குழந்தைகளோடு பழகப் பிடித்தவர்களுக்கு செவித்திறன் துறையைச் சொல்வேன். பிறந்த 1 மாதத்துக்குள் கேட்கும் திறனைச் சோதித்து, குறை இருந்தால் 3 மாதத்துக்குள் உறுதிசெய்து, 6 மாதத்துக்குள் சிகிச்சையைத் தொடங்குவதுதான் இலக்கு. தாமதமானால் பேச்சும் பின்தங்கும்.

ஆராய்ச்சிதான் என்றால், 2015இல் மருத்துவ நோபல் பெற்ற தூ யூயூ மருந்தியல் படித்தவர். 2023இல் அதே பரிசைப் பகிர்ந்துகொண்ட கட்டலின் கரிக்கோ உயிர்வேதியியலாளர். இருவருமே டாக்டருக்குப் படித்தவர்கள் இல்லை. ஆனால் இது நீண்ட பாதை. ஓர் இளநிலைப் பட்டத்தோடு நின்றால் வேலை சுருங்கிவிடும். கால்நடை மருத்துவம், வேளாண்மை, மீன்வளம் எல்லாம் தனி உலகங்கள், அவற்றை அந்தந்தத் துறைக்காரர்களிடம் கேளுங்கள்.

பெயரில் 'மெடிக்கல்' என்று இருப்பதைப் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள். அந்தப் படிப்பை முடித்தால் தொழில் பதிவு கிடைக்குமா, பயிற்சி எந்த மருத்துவமனையில், எத்தனை மாதம்? கல்லூரி மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, இன்னொரு வருஷம் எழுதிப் பார்க்கலாமா? கொஞ்ச மதிப்பெண்ணில் சீட் கைவிட்டுப் போயிருந்து, எங்கே சறுக்கியது என்றும் பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் ஒருமுறை எழுதலாம். அதற்குமேல் நான் சம்மதிப்பதில்லை. அந்த ஒரு வருஷத்திலும், மனதுக்குப் பட்ட துறையில் வேலை பார்க்கும் ஒருவரிடம் அனுமதி கேட்டு ஒரு நாள் முழுக்கக் கூட இருந்து பாருங்கள். முடிந்தால் இரவு ஷிப்டில்.