சொல் விளக்கம்: டயட் – உணவுமுறையா, உணவுக் கட்டுப்பாடா?

‘வளரிளம் பருவத்தினருக்கு ஆரோக்கியமான உணவுக் கட்டுப்பாடு’ என்று வேலூரில் ஒரு பள்ளிக்கூட வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். நல்ல நோக்கத்தோடு நடத்திய முகாம்தான். ஆனால் இந்த ‘உணவுக் கட்டுப்பாடு’ என்ற தொடரைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. பத்திரிகைகளின் மருத்துவப் பக்கத்தில் அதுதான். டிவியில் டாக்டர் பேசும்போது கீழே ஓடும் வரியிலும் அதுதான். டயட் என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் இப்படித் தமிழாக்குகிறார்கள். ஆனால் அந்தச் சொல்லுக்கு இது பொருளே இல்லை. வளர்கிற பிள்ளைகள் முன்னால் ‘கட்டுப்பாடு’ என்ற சொல்லை வைப்பதில் ஆபத்தும் இருக்கிறது.

முதலில் வேரைப் பார்த்துவிடுவோம். கிரேக்க மொழியில் ‘தியாய்தா’ என்றால் வாழும் முறை. லத்தீன், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து டயட் ஆனது. பண்டைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் பழைய மருத்துவ ஏடுகளில் அந்தச் சொல்லுக்குள் சாப்பாடு, உடற்பயிற்சி, குளியல், தூக்கம் எல்லாமே அடங்கும். உண்ணாமல் இருப்பது என்ற பொருள் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது. ஜப்பான் நாடாளுமன்றத்தை டயட் என்பதும், ராணிப்பேட்டையில் ‘டயட்’ என்றால் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தைக் காட்டுவதும் வேறு கதை, அவை நமக்கு வேண்டாம்.

வேலூர் ஆஸ்பத்திரி ஊர். ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையைச் சுற்றி வளர்ந்த ஊரில் டயட், டயட்டீஷியன், டயட் சார்ட் எல்லாம் காய்கறிக்காரம்மாவுக்கும் தெரிந்த சொற்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் டயட் என்றால் நோயாளிக்குச் சொல்லிக் கொடுத்த சாப்பாடு. சுகர் டயட், உப்பில்லாத டயட், அப்படி. அந்தப் பயன்பாட்டில் தவறே கிடையாது. இன்னாருக்கு இன்ன உணவு, இந்த அளவு, இந்த நேரம் என்ற பொருள் அதில் தெளிவாக இருந்தது. அப்புறம் செல்போன் வழியாக வந்த டயட் வேறு மாதிரி. “நான் டயட்ல இருக்கேன்” என்று ஒரு பத்தாம் வகுப்புப் பெண் சொன்னால், காலையில் சாப்பிடவில்லை, மதியம் பாதி டப்பாவைத் தோழிக்குக் கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம்.

இந்த இடத்தில்தான் ‘உணவுக் கட்டுப்பாடு’ கெடுதல் செய்கிறது. அந்தப் பெண் செய்வதற்கு அது கௌரவமான ஒரு பெயரைக் கொடுத்துவிடுகிறது.

கட்டுப்பாடு என்ற சொல் நம் ஊர்களில் எப்படிப் புழங்குகிறது என்று பாருங்கள். ஊர்க் கட்டுப்பாடு என்றால் பஞ்சாயத்து போட்ட தடை. மீறினால் அபராதம். குடும்பக் கட்டுப்பாடு என்றால் ஆபரேஷன். “கட்டுப்பாடு பண்ணிக்கிட்டா” என்று கிராமத்தில் சொன்னால் வேறு விளக்கமே வேண்டாம். போலீஸ் கட்டுப்பாட்டு அறை, விலைக் கட்டுப்பாடு, எல்லாவற்றிலும் ஒருவர் கட்டுகிறார், இன்னொருவர் கட்டுப்படுகிறார். கட்டை மீறுவது குற்றம். இந்தப் பொருளைத் தூக்கிச் சோற்றின் மேல் வைத்தால் என்ன ஆகும்? ஒரு நாள் ஆம்பூர் பிரியாணி சாப்பிட்டுவிட்ட பிள்ளை, தான் குற்றம் செய்துவிட்டதாக நினைக்கிறது. அந்தக் குற்ற உணர்ச்சியில் மறுநாள் முழுக்கப் பட்டினி. பட்டினி கிடந்த உடம்பு சாயங்காலம் அடங்காது, கையில் கிடைத்ததை எல்லாம் அள்ளிப் போடும். மறுபடியும் குற்ற உணர்ச்சி. உணவுப் பழக்கக் கோளாறுகளுக்குப் பல காரணங்கள் உண்டு என்றாலும், கடுமையாகச் சாப்பாட்டைக் குறைப்பதும் அதற்கொரு வாசல் என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறார்கள். அந்த வாசலுக்கு நாமே தமிழில் பெயர்ப்பலகை எழுதி மாட்டலாமா?

‘கட்டுப்பாடு என்றால் அளவோடு சாப்பிடுவதுதானே’ என்று கேட்பவர்கள் உண்டு. சரி, சொல்லைப் போட்டுச் சோதித்துப் பார்ப்போம். நம் பள்ளி அறிவியல் பாடத்தில் ‘சரிவிகித உணவு’ என்று படித்தோம். ஆங்கிலத்தில் அதிலும் டயட் என்ற சொல்தான் இருக்கிறது. அதை ‘சரிவிகித உணவுக் கட்டுப்பாடு’ என்று யாராவது எழுதுவார்களா? நார்ச்சத்து மிகுந்த டயட் என்பதை ‘நார்ச்சத்து மிகுந்த கட்டுப்பாடு’ என்போமா? ‘ஜப்பானியர்களின் டயட்டில் மீன் அதிகம்’ என்ற வாக்கியத்தில் எந்தக் கட்டுப்பாட்டைக் கொண்டுபோய் வைப்பது? மூன்று இடத்திலும் ‘உணவு’ அல்லது ‘உணவுமுறை’ பிசகில்லாமல் உட்காருகிறது. மொழிபெயர்ப்பவர்களுக்கும் இது தெரியும். ஆனால் உடம்பு இளைப்பது பற்றிய கட்டுரை வந்தவுடன் கை தானாகக் கட்டுப்பாட்டுக்குப் போய்விடுகிறது. குண்டாக இருப்பது ஒரு தவறு, தவறுக்குக் கட்டுதான் மருந்து என்ற எண்ணம் அந்தக் கைக்குள் இருக்கிறது.

பத்தியம் என்று சொல்லலாமே என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. வடசொல்லாக இருப்பதால் தள்ளிவைக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ‘பத்’ என்ற வழியைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது, வழிக்கு ஒத்தது என்று பொருள். ஆனால் தமிழில் பத்தியத்துக்கு ஒரு நோயோ மருந்தோ கூடவே வேண்டும். மஞ்சள் காமாலைப் பத்தியம், பிள்ளை பெற்றவள் பத்தியம். அதற்கு ஒரு கடைசி நாளும் உண்டு, ‘பத்தியம் முறித்தல்’ என்றே சொல்கிறோம். பதினைந்து வயதுப் பிள்ளை நோயாளி இல்லை. நாற்பது நாள் இருந்துவிட்டு முறிக்கிற காரியமும் இல்லை இது. மருத்துவர் நோய்க்காகச் சொல்லும் உணவுக்குப் பத்தியம் என்றே எழுதுங்கள், அங்கே அது அருமையான சொல். தனித்தமிழ் அன்பர் ஒருவர் ‘உணவொழுக்கம்’ என்றார். ஒழுகுதல் என்ற பழைய பொருளில் பார்த்தால் கிரேக்கச் சொல்லுக்கு மிக நெருங்கி வருகிறது. ஆனால் இன்றைக்கு ஒழுக்கம் என்றால் நடத்தைச் சான்றிதழ்தான் நினைவுக்கு வரும். சாப்பாட்டுக்கு அந்தச் சான்றிதழ் வேண்டாம்.

உணவுமுறைதான் சரி. எல்லோருக்கும் புரியும். ‘முறை’யில் ஒழுங்கும் உண்டு, வழக்கமும் உண்டு. இந்தச் சொல்லுக்கு ஆதரவாக நான் குறளைக் கொண்டு வருவேன்.

அற்றால் அளவறிந்து உண்க அஃதுடம்பு
பெற்றான் நெடிதுய்க்கும் ஆறு

இதில் கடைசிச் சொல் ‘ஆறு’, அதாவது வழி. கிரேக்கத்தில் வாழும் முறை, வடமொழியில் வழிக்கு ஒத்தது, வள்ளுவரிடம் வழி. மூன்று மொழிகளும் தனித்தனியே ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன. செரித்த பின் அளவறிந்து ‘உண்க’ என்கிறார் வள்ளுவர். உண்ணாதே என்று அந்தக் குறளில் இல்லை.

ஆனால் வீட்டில் பெண் பிள்ளைகளிடம் எடுத்து விடுவது இந்தக் குறளை இல்லை. ‘உண்டி சுருங்குதல் பெண்டிர்க்கு அழகு’ என்று கொன்றை வேந்தனைத்தான். எந்தக் காலத்திலோ எதற்கோ சொன்னது, இப்போது பன்னிரண்டு வயதில் சட்டை இறுகிப்போன பெண்ணிடம் சொல்கிறார்கள். கொன்றை வேந்தன் பாடிய அதே ஔவையின் ஆத்திசூடி வடிவத்தை எடுத்துக்கொண்டு பாரதி ‘ஊண்மிக விரும்பு’ என்று எழுதியதை ஏன் யாரும் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சொல்வதில்லை?

அந்த வயதில் உண்டி சுருங்கினால் என்ன ஆகும் என்பது ஊகம் இல்லை, உடலியல். வாழ்நாளின் உச்ச எலும்பு வலுவில் சுமார் 90 சதவீதம், பெண்களுக்கு 18 வயதுக்குள்ளும் ஆண்களுக்கு 20 வயதுக்குள்ளும் சேர்ந்துவிடுகிறது. அப்போது கால்சியமும் புரதமும் குறைந்தால் பின்னால் ஈடுகட்டுவது கடினம். சக்தி போதவில்லை என்று மூளைக்குத் தெரிந்தால் முதலில் மாதவிடாயைத் தள்ளிப்போடும், சிலருக்கு நிறுத்தியே விடும். ஏற்கெனவே பரவலாக இருக்கிற ரத்தசோகை இன்னும் மோசமாகும். தலைசுற்றல், முடி கொட்டுதல், வகுப்பில் கவனம் நிற்காமை எல்லாம் கூட வரும். வேகமாக இறங்கும் எடையில் கணிசமான பங்கு தண்ணீரும் தசையும்தான். பித்தப்பைக் கல்லுக்கும் வாய்ப்பு கூடுகிறது. ‘ஸ்லிம் டீ’ என்று விற்பவற்றில் பல, நிலாவாரை போன்ற பேதி மருந்து கலந்தவை. சாப்பிட்டதன் சக்தியைச் சிறுகுடல் முன்பே எடுத்துக்கொண்டிருக்கும். பேதியில் போவது தண்ணீரும் பொட்டாசியமும். பொட்டாசியம் மிகவும் குறைந்தால் இதயத்துடிப்பே தடுமாறும். அதுவும் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிற வேலூர் கோடையில்!

இதையெல்லாம் ‘ஆரோக்கியமான எடை இழப்பு’ என்ற தலைப்பில் எழுதுவது அடுத்த கொடுமை. பணத்தை இழக்கிறோம், உறவை இழக்கிறோம். இழப்பு என்பது நம்மை மீறி நடப்பது. காசநோயிலும் சர்க்கரை நோயிலும் காரணம் தெரியாமல் எடை குறைகிறதே, அதற்கு ‘எடை இழப்பு’ மிகப் பொருத்தம். நாமாகச் செய்வது எடை குறைப்பு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே தொடர் இருக்கிறது என்பதற்காகத் தமிழில் இருக்கிற வேறுபாட்டை நாம் ஏன் அழிக்க வேண்டும்? பிள்ளை திடீரென்று இளைத்தால் அது இழப்பா குறைப்பா என்று கேட்கத் தெரிந்த பெற்றோர் சீக்கிரம் மருத்துவரிடம் போவார்கள்.

வளர்கிற பிள்ளைக்கு எடை குறைப்பே பல சமயம் தேவைப்படாது. எடை ஏறாமல் நின்றால் போதும், உயரம் கூடக் கூட உடம்பு தானே சரியாகும். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பி.எம்.ஐ. எண்ணில் பெரியவர்களுக்கான அளவை வைத்து 14 வயதுப் பிள்ளையை அளக்கக் கூடாது. வயதுக்கும் பாலினத்துக்கும் தனி வளர்ச்சி அட்டவணை உண்டு, அதைப் பார்த்துக் குழந்தைகள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறதா என்பதும் அவர் வேலை. மற்றபடி பாட்டில் குளிர்பானத்தை விடுவது, காலைச் சாப்பாட்டைத் தவறவிடாதது, நாளுக்கு 60 நிமிடம் ஓடியாடுவது, 8 மணி நேரமாவது தூங்குவது. கோட்டை மைதானம் இருக்கிறது, போய் விளையாடட்டும்.

உணவுமுறை என்றால் வட ஆற்காட்டில் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். களி, அதற்கு ஒரு கீரைக் கடைசல் அல்லது வேர்க்கடலைச் சட்னி. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயில் ஒரு குழம்பு. கூட ஒரு முட்டை. ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று சொன்னவர்கள், கொழுத்தவனுக்கும் தட்டில் ஒன்றைப் போட்டுத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

இனி வினைச்சொல். ‘டயட் இருக்கிறேன்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டார் ஒரு ஆசிரியை. ‘உணவுமுறை இருக்கிறேன்’ என்று சொல்ல முடியாது, வாக்கியம் நிற்காது. அது நல்லதுதான். எந்த உணவுமுறை, யார் சொன்னது, என்ன சாப்பிடுகிறாய் என்று அடுத்த கேள்வியைக் கேட்டே ஆக வேண்டியிருக்கிறது. பதில் இருந்தால் அந்தப் பதிலையே சொல்லட்டும்: ‘குளிர்பானத்தை விட்டுவிட்டேன்’, ‘ராத்திரி சீக்கிரம் சாப்பிடுகிறேன்’. பதில் இல்லாமல் வெறும் வயிற்றோடு இருந்தால் அதற்குத் தமிழில் சொல் தேட வேண்டியதில்லை. சாமிக்காக இருந்தால் ஒருபொழுது, விரதம். ரம்ஜானுக்கு இருந்தால் நோன்பு. இரண்டும் இல்லையென்றால் பட்டினி. அந்தப் பெண்ணிடம் “ஏம்மா பட்டினி கிடக்குற?” என்றே கேளுங்கள்.