பேரேடு இரண்டு, சரக்கு ஒன்று

பினாங்கு ஜார்ஜ்டவுனில், லெபு பசார் பக்கம் மாமாவுக்கு மசாலாக் கடை. தீபாவளிக்கு முந்தைய வாரம் காலையிலேயே போன் வந்தது. "டேய், ஈப்போவிலேர்ந்து முறுக்கு அச்சு கேட்டது ஒரே ஆளா, ரெண்டு ஆளா? சீட்டு ரெண்டு வந்திருக்கு."

ஒரே ஆள்தான். எஃப்பிஎக்ஸ் என்ற இணைய வங்கிக் கட்டண முறை வழியாகப் பணமும் ஒரு தடவைதான் வந்திருந்தது. ஆனால் சீட்டு இரண்டு அச்சாகி, இருப்பிலும் இரண்டு கழிந்திருந்தது. புதிய இணையக் கடையையும், கடையில் பல வருடமாக ஓடும் ஆர்டர் மென்பொருளையும் இணைத்துக் கொடுத்தவன் நான். அதனால் திட்டும் எனக்குத்தான்.

பினாங்கு ஸ்திரீட் கிட்டங்கிகளில் செட்டியார்கள் பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கு எழுதிய காலம் ஒன்று உண்டு. பேரேடு ஒன்று, எழுதும் கையும் ஒன்று. மாமா கடையில் இப்போது பேரேடு இரண்டு. ஒன்று இணையக் கடையுடையது, வெளிநாட்டில் எங்கேயோ ஒரு சர்வரில் இருக்கிறது. இன்னொன்று கல்லாவுக்குப் பின்னாலிருக்கும் பழைய கணினியில். இரண்டும் எழுதுவது அதே அலமாரியில் இருக்கும் அதே சரக்கைப் பற்றி.

முதல் தலைவலி பெயர். இணையக் கடையில் 'மீன் கறித் தூள் 250 கிராம்' என்று இருப்பது பழைய மென்பொருளில் வெறும் குறியீட்டு எண், அதுவும் 25 கிலோ மூட்டைக் கணக்கில். ஒரு மூட்டைக்கு 100 பாக்கெட். ஒரு பாக்கெட் விற்றால் மூட்டையில் நூறில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும், ஆனால் பழைய மென்பொருளுக்குப் பின்னம் தெரியாது. கடைசியில் பாக்கெட்டைத் தனிப் பொருளாகப் பதிந்து, மூட்டை பிரிக்கும் அன்று 'மூட்டை ஒன்று குறைவு, பாக்கெட் 98 கூடுதல்' என்று எழுத வைத்தோம். 98 ஏன் என்றால், கொட்டுவது சிந்துவது எல்லாம் உண்டே. இணைப்பு வேலையில் பாதி நாள் இந்தப் பெயர்ப் பொருத்தத்திலேயே போனது. ஜாதகப் பொருத்தம் தேவலாம்.

அப்புறம், ஆர்டர் வந்த செய்தி எப்படிப் போய்ச் சேருகிறது? ஒரு வழி, பழைய மென்பொருள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை போய் "புது ஆர்டர் இருக்கா?" என்று கேட்பது. நாளைக்கு 288 தடவை கேட்கும், பெரும்பாலும் "இல்லை" என்றுதான் பதில். இன்னொரு வழி வெப்ஹுக். ஆர்டர் விழுந்தவுடன் இணையக் கடையே நம் கதவைத் தட்டி விவரத்தைக் கொடுத்துவிட்டுப் போகும். நாம் "கிடைத்தது" என்று பதில் சொல்ல வேண்டும். நான் வைத்தது இதைத்தான். மாட்டிக்கொண்டதும் இதில்தான்.

இதைப் புரிந்துகொள்ள இப்படி நினைத்துப் பாருங்கள். கடை ஜார்ஜ்டவுனில், கிடங்கு கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில். போன் கிடையாது, ஃபெரியில் சீட்டுக் கொடுத்தனுப்பத்தான் முடியும். 'ஒரு அச்சு அனுப்பு' என்று சீட்டு போகிறது. பதில் வரவில்லை. சீட்டு போகும்போதே கடலில் விழுந்ததா? இல்லை, போய்ச் சேர்ந்து, 'கிடைத்தது' என்ற பதில் சீட்டு வரும் வழியில் விழுந்ததா? கடையில் இருப்பவருக்குத் தெரிய வழியே இல்லை. பதிலுக்குப் பதில், அதற்கும் ஒரு பதில் என்று எத்தனை சீட்டு அனுப்பினாலும், கடைசியாகப் போன சீட்டு சேர்ந்ததா என்ற சந்தேகம் மிஞ்சும். கணினி ஆய்வாளர்கள் 1975-இலேயே எழுதிய புதிர் இது. 1978-இல் ஜிம் கிரே என்ற கணினி அறிஞர் இதை இரண்டு தளபதிகளின் புதிர் என்று குறிப்பிட, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. செய்தி தொலையக்கூடிய வழி ஒன்றில் இரண்டு பக்கமும் முழு நிச்சயத்தோடு ஒத்துப்போக முடியாது. கணித ரீதியாகவே நிரூபித்துவிட்டார்கள்.

ஆக, அனுப்புகிறவருக்கு இரண்டே வழி. பதில் வராவிட்டால் சும்மா இருந்துவிடலாம், ஆர்டர் தொலையலாம். அல்லது திரும்ப அனுப்பலாம், இரட்டிப்பாகலாம். வியாபாரத்தில் எது மேல் என்று கேட்கவே வேண்டாம். ஷாப்பிஃபை போன்ற இணையக் கடைத் தளங்கள் திரும்ப அனுப்பும். ஷாப்பிஃபை பதிலுக்குக் காத்திருப்பது 5 விநாடிதான்.

நான் எழுதியிருந்த நிரல் செய்தியை வாங்கி, இருப்பைக் கழித்து, சீட்டை அச்சிட்டு, எல்லாம் முடிந்த பிறகுதான் "கிடைத்தது" என்று சொன்னது. தீபாவளி நெரிசலில் அச்சு இயந்திரத்தில் வரிசை நீண்டது. பதில் தாமதமாக, செய்தி மறுபடி வந்தது. என் நிரல் அதைப் புது ஆர்டர் என்றே நம்பிவிட்டது.

சரி செய்ததில் இரண்டு விஷயம். செய்தி வந்ததும் அதை அப்படியே ஒரு பட்டியலில் எழுதி வைத்துவிட்டு, உடனே "கிடைத்தது" என்று சொல்லிவிட வேண்டும். கழிப்பது, அச்சிடுவது எல்லாம் பிறகு, சாவகாசமாக. இன்னொன்று, ஆர்டர் எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்வது. மொய் எழுதுகிறவர் "உங்க பேர் ஏற்கெனவே இருக்கே" என்று நோட்டைத் திருப்பிக் காட்டுவாரே, அதுபோல அதே எண் மறுபடி வந்தால் எதையும் செய்யாது. ஆனால் அப்போதும் "கிடைத்தது" என்றுதான் சொல்ல வேண்டும். பிழை என்று சொன்னால் மூன்றாவது முறையும் வரும்.

கடைசி ஒரு அச்சு இருக்கும்போது வருவது வேறு வகைச் சிக்கல். கல்லாவில் ஒருவர் வாங்குகிறார், அதே நொடியில் இணையத்தில் இன்னொருவர். இரண்டு பக்கமும் இருப்பைப் படிக்கின்றன: 1. இரண்டும் ஒன்றைக் கழித்து 0 என்று எழுதுகின்றன. கணக்கு பார்க்கச் சுத்தமாக இருக்கிறது, ஆனால் ஒரே அச்சை இரண்டு பேருக்கு விற்றாகிவிட்டது. படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே இருக்கும் அந்த இடைவெளிதான் வில்லன். அதனால் 'இருப்பு 0' என்று எழுதச் சொல்லக் கூடாது. 'ஒன்றாவது இருந்தால் ஒன்றைக் கழி' என்று ஒரே கட்டளையாகத் தரவுத்தளத்திடம் கொடுக்க வேண்டும். அது ஒருவரை முடித்துவிட்டுத்தான் அடுத்தவரைப் பார்க்கும். இரண்டாமவருக்கு 'தீர்ந்துவிட்டது' என்று வரும். இது நடக்க, இருப்புக்கு ஒரே எஜமானர் இருக்க வேண்டும். பழைய மென்பொருளையே எஜமானராக வைத்தோம். இணையக் கடையில் தெரியும் எண் அதன் நகல்தான்.

நேரக் கணக்கும் கொஞ்சம் படுத்தியது. இணையக் கடை உலகப் பொது நேரத்தில் எழுதுகிறது, நாம் அதைவிட 8 மணி நேரம் முன்னால். காலை 7 மணி ஆர்டர் நேற்றைய விற்பனையில் போய் உட்கார்ந்துகொள்ளும். தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 வரை ஏழரை மணி நேரம்தான் முன்னால் இருந்தது. அந்த அரை மணியோடு மல்லுக்கட்டாமல் தப்பித்தேன்.

இவ்வளவுக்கும் பிறகும் தினமும் இரவு கடை சாத்தியதும் இரண்டு பேரேட்டையும் ஒரு நிரல் வரிசையாக ஒப்பிடுகிறது. முதல் வாரம் இரண்டு பேரேடும் ஒத்துப்போயின, அலமாரிதான் ஒத்துப்போகவில்லை. மீன் கறித் தூளில் மூன்று பாக்கெட் குறைந்தது. மூன்று நாள் நிரலைக் குடைந்தேன். நாலாம் நாள் சாப்பிடப் போனபோது அத்தை அடுப்படியில் அந்தப் பாக்கெட்டைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். இப்போது மென்பொருளில் 'வீடு' என்ற பெயரில் ஒரு வாடிக்கையாளர் இருக்கிறார், விலை பூஜ்யம்.