மேசையைச் சுரண்டாதீர்கள், நாற்காலியைக் கொண்டு வாருங்கள்

போன வாரம் கேரளத்து ஆரியங்காவுப் பக்கமிருந்து ஒரு அக்கா பட்டறைக்கு வந்தார். வண்டியில் ஆறடித் தேக்குப் பலகை. அவருடைய பாட்டி காலத்து ஊணுமேசையின், அதாவது சாப்பாட்டு மேசையின், மேல்பலகை அது. வீட்டில் நாற்காலிகள் மூன்று விதம், மேசை வேறு நிறம். எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கலாம் என்று யாரோ சொல்ல, மிஷின் வைத்து மேசையைத் தேய்த்துவிட்டார்கள். "பழையபடி ஆக்கித் தர முடியுமா அண்ணே?" என்று கேட்டார். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. இந்த வருஷத்தில் இப்படி வந்த நான்காவது மேசை இது. மனசு பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

எங்கள் செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர். மலைக்கு இரண்டு பக்கமும் சொந்தபந்தம் உண்டு. சீராகவும் பாகமாகவும் வந்த தேக்கு, பலா மேசைகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. நாற்காலிகள் அப்படித் தங்குவதில்லை. கால் ஆடும், பிரம்புப் பின்னல் அறுந்துபோகும், அண்ணன் தம்பி ஆளுக்கு இரண்டாக எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் ரப்பர் மரத்தில் இரண்டு, மகாகனியில் இரண்டு என்று புதிதாக வந்து சேரும்.

பழைய மேசையின் நிறம் பாலிஷில் இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். சுரண்டிவிட்டு அதே பாலிஷை அடித்தால் அதே நிறம் வந்துவிடுமாம். வராது. தேக்கு அறுத்த புதிதில் தங்க நிறமாக இருக்கும். பலா மஞ்சளாக இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டுப்பட்டு, வருஷக்கணக்கில்தான் அது கரும்பழுப்பாகிறது. அந்த நிறம் மரத்தின் மேல்தோலில்தான் இருக்கிறது. 80 நம்பர் உப்புத்தாளை மிஷினில் மாட்டி ஓட்டினால் பத்து நிமிஷத்தில் போய்விடும். அடியில் இருந்து வருவது வெளிறிய புது மரம். அதன் மேல் எந்தச் சாயத்தை ஏற்றினாலும் பூசிய நிறமாகத்தான் தெரியும். பாட்டி கை பட்டு வழவழத்த ஓரமும் கூர்மையாகிவிடும். தயவுசெய்து மேசையை விட்டுவிடுங்கள். அழுக்கு என்றால் ஈரத்துணியில் கொஞ்சம் சோப்பு தொட்டுத் துடைத்து, உடனே உலர்த்தி, தேன்மெழுகு தேயுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது காயாது, தூசிதான் ஒட்டும்.

நிறம் மாற வேண்டியது நாற்காலிதான். பழைய பூச்சு எது என்று முதலில் பாருங்கள். மறைவான இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்தால், அரக்குப் பாலிஷ் பிசுபிசுக்கும். தின்னருக்கு இளகினால் லாக்கர் பூச்சு. இரண்டுக்கும் அசையவில்லை என்றால் பியூ (பாலியூரித்தேன்) மாதிரிப் பூச்சு. மூட்டு ஆடினால் பாலிஷுக்கு முன்பே பிரித்து, பழைய பசையைச் சுரண்டி ஒட்டிவிட வேண்டும். பாலிஷ் மேல் பசை பிடிக்காது.

ஒரே சாயத்தை எல்லா நாற்காலிக்கும் அடிக்காதீர்கள். ரப்பர் மரம் வெளுத்தது, மகாகனி சிவப்பு, தேக்குக்குச் சொந்த நிறம் உண்டு. மரத்தின் நிறமும் சாயமும் சேர்ந்துதான் கண்ணுக்குத் தெரிகிறது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கலவை வேண்டும். இருக்கைப் பலகையின் அடியில் பூசி, மேல்பூச்சும் ஒரு கை அடித்து, மேசைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பகலில் ஒரு தடவை, ராத்திரி விளக்கில் ஒரு தடவை. இளசாகத் தொடங்குங்கள். கருமையாக்குவது எளிது, வெளுக்க வைப்பது பெரும்பாடு. நாற்காலிகள் அச்சு அசலாக இருக்க வேண்டாம், ஒரு குடும்பம் போல இருந்தால் போதும். உயரத்தையும் பாருங்கள். மேசை 30 அங்குலம் என்றால் இருக்கை 18 அங்குலம் வரை இருக்கலாம்.

பழைய பெயிண்ட் அடித்த நாற்காலியை வீட்டுக்குள் வைத்து உலர்வாகத் தேய்க்கவே கூடாது. அதில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதியே 2016இல்தான் வந்தது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அந்தத் தூசியைக் கிளப்பாதீர்கள். பெயிண்ட் ரிமூவரை மூடிய அறையில் திறக்காதீர்கள். ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள், இல்லை தண்ணீரில் முக்கி வையுங்கள். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்காதீர்கள்.

சாரல் காலத்தில் அரக்குப் பாலிஷ் போடச் சொல்லி என்னை அவசரப்படுத்தாதீர்கள். காற்றில் ஈரம் இருந்தால் பூச்சு வெள்ளை பூத்துவிடும். அந்த அக்காவின் பலகையும் இப்போது பட்டறைச் சுவரோரம்தான் இருக்கிறது. மிஷின் விட்ட கோடுகளைக் கையால் போக்கியிருக்கிறேன். சாரல் விடட்டும் என்று காத்திருக்கிறேன்.