ஓணானுக்கு நோய் என்றால் கரப்பான் பெட்டியையும் கொண்டுவாருங்கள்

சென்ற கோடையில் கல்லூரி மாணவர் ஒருவர் தம்முடைய பியர்டட் டிராகனை ஈரத்துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு சென்னையில் உள்ள என் சிகிச்சை அறைக்கு வந்தார். எட்டு மாதமே ஆன அந்த ஆஸ்திரேலிய ஓணானின் கீழ்த்தாடையை விரலால் மெல்ல அழுத்தியபோது ரப்பரைப் போல வளைந்தது. பின்கால்கள் உடலைத் தூக்க மாட்டாமல் இழுபட்டன. எக்ஸ்ரே படத்தில் எலும்பு எது, சதை எது என்று பிரித்தறிவதே கடினமாக இருந்தது. நாள்தோறும் வயிறு நிறைய இரை கொடுப்பதாகவும், அந்த இரையைக் கடையில் வாங்காமல் தாமே வளர்ப்பதாகவும் அவர் சற்றுப் பெருமையோடுதான் சொன்னார். கால்சியம் மருந்தைத் தொடங்கிவிட்டு, மறுநாள் அந்த இரைப் பெட்டியையும் எடுத்துவரச் சொன்னேன். ஊர்வன வளர்ப்போரிடம் இப்போதெல்லாம் நான் தவறாமல் கேட்பது இதைத்தான். ஏனெனில் மேசைக்கு வரும் நோய்களில் பெரும்பங்கு அந்தப் பெட்டிக்குள்தான் தொடங்கியிருக்கிறது.

பெட்டியில் இருந்தவை டூபியா கரப்பான்கள். தென் அமெரிக்காவின் வெப்பப் பகுதிகளைச் சேர்ந்த இந்த இனத்தை உலகெங்கும் ஊர்வன வளர்ப்போர் விரும்புவதற்கு நல்ல காரணங்கள் உண்டு. சுமார் 4 செ.மீ. நீளம் வளரும் இவை வழுவழுப்பான கண்ணாடியிலோ பிளாஸ்டிக்கிலோ ஏறமாட்டா; ஆணுக்கு முழு இறக்கை இருந்தாலும் அது பறப்பதற்கு அநேகமாக உதவாது; பெண்ணுக்கு இருப்பது இறக்கையின் அடித்தண்டு மட்டுமே. சிள்வண்டைப் போல இரவெல்லாம் சத்தமிடுவதில்லை, அவ்வளவாக நாற்றமும் இல்லை. முட்டைக்கூட்டை வெளியே இட்டுவிட்டுப் போகும் வீட்டுக் கரப்பானைப் போலன்றி, டூபியா அதை உடலுக்குள்ளேயே வைத்து அடைகாத்து, இரண்டு மாதங்களுக்கு மேல் கழித்து ஒரு ஈற்றுக்கு 20 முதல் 35 குஞ்சுகள் வரை வெளிவிடுகிறது. அக்குஞ்சுகள் முதிர்வதற்கு நான்கு முதல் ஆறு மாதங்கள் ஆகும்.

மாணவரின் பெட்டியில் இந்தக் கரப்பான்கள் கொழுகொழுவென்றுதான் இருந்தன. அவற்றுக்கு அவர் கொடுத்துவந்த தீவனம் பூனை உணவும் ரவையும். கரப்பான் உயிர்வாழவும் பெருகவும் அது போதும்; அதைத் தின்று எலும்பு வளர்க்க வேண்டிய ஓணானுக்கு அது போதாது. பூச்சிகளுக்கு எலும்பு கிடையாது என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். டூபியாவின் உடலில் கால்சியத்தைவிட பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். சிள்வண்டில் நிலைமை இன்னும் மோசம். ஊர்வனவற்றுக்கோ ஒரு பங்கு பாஸ்பரஸுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு கால்சியம் கிடைக்க வேண்டும். அது உணவில் வராதபோது உடல் தன் எலும்பையே கரைத்து இரத்தத்தின் கால்சிய அளவைக் காப்பாற்றிக்கொள்கிறது. வயிறு நிறைந்திருக்கும்போதே தாடை வளைவது அதனால்தான்.

இந்தக் குறையை இரண்டு வழிகளால் சேர்த்துத்தான் ஈடுகட்ட முடியும். இரையாகப் போகும் கரப்பான்களை ஓரிரு நாள்களுக்கு முன்பே தனிப் பெட்டிக்கு மாற்றி, அவற்றின் குடலைச் சத்தான தீவனத்தால் நிரப்புவது முதல் வழி. நம்மூரில் இதற்கு முருங்கைக்கீரையைவிட வசதியானது எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதோடு கேரட், பூசணி, சிறிது தவிடு சேர்த்தால் போதும். பசலைக்கீரையையும் தண்டுக்கீரையையும் தவிர்க்கச் சொல்வேன். அவற்றிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடலில் சேரவிடாது. இரண்டாவது வழி, பாஸ்பரஸ் கலவாத கால்சியம் பொடியில் இரையைப் புரட்டிக் கொடுப்பது. பொடி பூசிய கரப்பான் சில நிமிடங்களிலேயே தன்னைத் துடைத்துக்கொண்டுவிடும் என்பதால், அதைக் கூண்டுக்குள் ஓடவிட்டுப் போய்விடாமல் உடனே தின்னக் கொடுக்க வேண்டும். இவ்வளவும் செய்தாலும் புற ஊதா பி கதிர் கிடைக்காவிட்டால் வைட்டமின் டி3 உருவாகாது, உண்ட கால்சியமும் உடலில் சேராது. ஜன்னல் கண்ணாடி வழியே விழும் வெயிலில் அந்தக் கதிர் ஏறத்தாழ இருப்பதில்லை. அந்தக் கதிருக்காகக் கூண்டில் பொருத்தும் விளக்கும், கண்ணுக்கு எரிவதாகத் தெரிந்தாலும், மாதங்கள் செல்லச் செல்ல அதை இழந்துவிடுகிறது. மாணவர் ஓணானை நாள்தோறும் வெயிலில்தான் வைத்திருந்தார், மூடிய ஜன்னலுக்கு உட்புறமாக.

நாய், பூனை உணவைத் தீவனமாக்குவதில் எனக்கு இன்னொரு மறுப்பும் உண்டு. புரதம் மிகுந்தால் கரப்பான் அந்த உபரி நைட்ரஜனை யூரிக் அமிலமாக்கித் தன் கொழுப்புத் திசுவில் சேமித்து வைக்கிறது. பஞ்ச காலத்தில் அதை மீட்டுத்தர அதன் உடலுக்குள் பிளாட்டபாக்டீரியம் என்ற நுண்ணுயிரே குடியிருக்கிறது என்பது வியப்பான செய்தி. கரப்பானுக்கு அது சேமிப்பு. ஓணானின் சிறுநீரகத்துக்கோ சுமை. ஊர்வனவற்றில் காணும் யூரிக் அமில மூட்டு நோய்க்கு நீர்ப்பற்றாக்குறையும் சிறுநீரகக் கோளாறும் முதன்மைக் காரணங்கள். அவற்றோடு இதையும் நாமே சேர்த்துவைக்க வேண்டியதில்லை.

இரை தீர்ந்துபோன நாளில் சமையலறையில் ஓடும் கரப்பானைப் பிடித்துப் போட்டவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள். இதில் மட்டும் நான் சற்றுக் கடுமையாகவே பேசுவேன். இன்று வீடுகளில் புள்ளி புள்ளியாக வைக்கும் ஜெல் மருந்து, தின்ற கரப்பானை உடனே கொல்லாதபடி திட்டமிட்டே செய்யப்படுகிறது. அது மறைவிடத்துக்குத் திரும்பி மடிய வேண்டும், அதன் எச்சத்தையும் உடலையும் தின்னும் மற்றவையும் மடிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆகவே சுறுசுறுப்பாக ஓடும் கரப்பானின் வயிற்றிலும் நஞ்சு இருக்கலாம். உங்கள் வீட்டில் மருந்து வைக்கவில்லை என்பது பக்கத்து வீட்டுக்குப் பொருந்தாது. சாக்கடைக் கரப்பான் சால்மோனெல்லா போன்ற கிருமிகளைக் காலில் சுமக்கிறது; பல்லியினங்களின் நுரையீரலில் வாழும் ரெய்லியெட்டியெல்லா என்ற ஒட்டுண்ணி, கரப்பானுக்குள் வளர்ந்த பிறகே பல்லிக்குள் போகிறது. வெளியே பிடிக்கும் மற்ற பூச்சிகளுக்கும் இதே தடைதான். அமெரிக்காவில் மின்மினிப் பூச்சியைத் தின்ற பியர்டட் டிராகன்கள் இறந்ததை 1999-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

வளர்க்கும் முறையைப் பற்றி அயல்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு வெப்பத் தகடு வாங்கலாமா என்று கேட்கிறார்கள். டூபியா பெருகுவதற்கு 28 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை வேண்டும். சென்னையில் ஆண்டின் பெரும்பகுதியில் அதை இயற்கையே கொடுத்துவிடுகிறது. இங்கே அஞ்ச வேண்டியது மே மாதத்து மொட்டைமாடி அறையை. காற்றோட்டமில்லாத பெட்டி அங்கே ஒரே பிற்பகலில் காலியாகிவிடும். வழுவழுப்பான உட்புறமுள்ள பிளாஸ்டிக் பெட்டி, மூடியில் வெட்டிய துளைக்குத் துருப்பிடிக்காத கம்பி வலை, உள்ளே செங்குத்தாக நிறுத்திய முட்டை அட்டைகள், ஓர் ஆணுக்கு மூன்று முதல் ஐந்து பெண்கள், இவையே போதும். அட்டைகளைப் படுக்கவைத்தால் எச்சம் அவற்றிலேயே தங்கிப் பூசணம் பிடிக்கும். தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தால் குஞ்சுகள் மூழ்கிவிடும். கேரட், ஆரஞ்சுத் துண்டுகளின் ஈரமே அவற்றுக்குப் போதுமானது. ஆனால் அத்துண்டு மறுநாளும் கிடந்து அழுகினால் தீவன உண்ணிகள் பொடி தூவியது போலப் பெருகிவிடும். பெட்டியின் கால்களைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தாதவர்களுக்கு எறும்பு விரைவில் பாடம் கற்பிக்கும். சரியாகக் கழுவாத ஒரு கட்டுக் கொத்தமல்லியைப் போட்ட இரவில் ஒருவருடைய பெட்டி முழுவதும் மல்லாந்து கிடந்தது; பூச்சியைக் கொல்லத் தெளித்த மருந்து பூச்சியைக் கொன்றது.

ஐம்பது பெண் கரப்பான்கள் இருந்தால், ஒரு ஈற்றுக்கு 25 குஞ்சுகள் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், சுமார் 75 நாள்களில் 1250 குஞ்சுகள், அதாவது நாளுக்குப் பதினாறு அல்லது பதினேழு கிடைக்கலாம். நடைமுறையில் இதைவிடக் குறையும். அத்துடன் அவை வளர நான்கு மாதமாவது காத்திருக்க வேண்டும். பொறுமையின்றித் தாய்ப்பூச்சிகளையே எடுத்துத் தின்னக் கொடுத்து, பெட்டி காலியானதும் சமையலறைப் பக்கம் திரும்புவதைத்தான் நான் மேலே சொன்னேன். இன்னொரு புறம், வளர்ந்த பியர்டட் டிராகனின் உணவில் பெரும்பகுதி கீரையும் காய்களுமாகவே இருக்க வேண்டும். பெட்டியில் நிறைய இருக்கிறது என்பதற்காகத் தினமும் கரப்பானாகவே கொடுத்தால் கல்லீரலில் கொழுப்பு படியும். இரையின் நீளம் ஓணானின் இரு கண்களுக்கு இடைப்பட்ட தூரத்தை மிஞ்சக் கூடாது என்ற பழைய அளவுகோல் இன்றும் நன்றாகவே பயன்படுகிறது.

வளர்ப்பவரின் உடல்நலத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். கரப்பானின் எச்சமும் உரித்த தோலும் பொடியாகி மூச்சில் கலந்து ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியவை. பல மாதங்கள் ஒன்றும் நேராமல் இருந்தவருக்கும் திடீரென ஒவ்வாமை தொடங்கலாம். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் கூடுதலாக எச்சரிக்கையாக இருக்க வேண்டும், ஏனெனில் அந்த ஒவ்வாமையைத் தூண்டும் ட்ரோபோமயோசின் என்ற புரதம் கரப்பானிலும் ஏறத்தாழ அதே வடிவில் இருக்கிறது. பெட்டியைப் படுக்கையறையில் வைக்காதீர்கள். காற்றோட்டமான இடத்தில், என்95 முகக்கவசமும் கையுறையும் அணிந்து, எச்சத்தைச் சற்றே நனைத்துவிட்டு அள்ளுங்கள்.

ஊர்வனவற்றை வளர்ப்பதிலேயே சட்டம் இருக்கிறது என்பதையும் பலர் அறியாமல் வருகிறார்கள். 2022-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புத் திருத்தச் சட்டமும் 2024-ஆம் ஆண்டு விதிகளும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலிலுள்ள இக்வானா, பந்து மலைப்பாம்பு போன்ற அயல் உயிரினங்களை வைத்திருப்போர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன.

கரப்பான்களுக்கு அத்தகைய பதிவு இல்லாததால் பொறுப்பு முழுவதும் நம்முடையதாகிறது. குளிர்நாட்டில் தப்பியோடிய டூபியா குளிரில் பெருக்கம் நின்றுபோகும். நம் கடற்கரை ஊர்களில் அந்தத் தடை கிடையாது. ரெட் ரன்னர் என்ற பெயரில் விற்கப்படும் துர்கெஸ்தான் கரப்பானை எங்கள் ஊரில் வளர்க்கவே வேண்டாம் என்பது என் கருத்து. மிக வேகமாக ஓடும் அந்த இனம் முட்டைக்கூட்டை வெளியே இடுகிறது. 1978-இல் கலிபோர்னியாவில் முதன்முதலாகக் காணப்பட்டு, இன்று அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியில் பழைய கீழைக் கரப்பானின் இடத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறது.

அந்த மாணவரின் ஓணான் நான்கு மாதங்களில் எழுந்து நடந்தது, தாடை மட்டும் சற்றுக் கோணலாகவே நின்றுவிட்டது. பூனை உணவில் கொழுத்த கரப்பான்களை என்ன செய்வது, தோட்டத்தில் விட்டுவிடலாமா என்று அவர் கேட்டார். தாய்ப்பூச்சிகளை வைத்துக்கொண்டு தீவனத்தை மாற்றச் சொன்னேன். வேண்டாதவற்றை மூடிய டப்பாவில் இட்டு இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்து, உயிரில்லை என்று உறுதியான பிறகே குப்பையில் போடச் சொன்னேன். டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டும்படியும் சொன்னேன்; அவருடைய அம்மா அதை இஞ்சி பூண்டு விழுது என்று எடுத்துவிடக் கூடாது அல்லவா.